‘மீன் இல்லை’ என்று எழுதப்பட்ட வாய்க்கால்

என் புகுந்த வீட்டில், கடலிலிருந்து வராத எதுவும் மீன் கிடையாது. கல்யாணமாகித் திருவேட்டக்குடிக்கு வந்த முதல் வாரத்திலேயே எனக்கு இது தெரிவிக்கப்பட்டது. நான் போலகத்துப் பெண். வயலும் வாய்க்காலுமாக வளர்ந்தவள். “எங்க ஊர்லயும் மீன் உண்டு அத்த” என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். மாமியார் அரிந்துகொண்டிருந்த சங்கரா மீனை அப்படியே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அது மீனாடி? சேத்துல நெளியிற பூச்சி.”

அவர் முப்பது வருஷமாகக் கூடை தூக்கி மீன் விற்றவர். நான் அரசுப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவள். எங்கள் இருவரில் மீனைப் பற்றிப் பேசும் தகுதி யாருக்கு என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, என்னையும் சேர்த்து. “டீச்சரு” என்றுதான் என்னைக் கூப்பிடுவார். மரியாதைக்காக அல்ல என்பது அவர் குரலைக் கேட்டால் தெரியும்.

ஒரு கார்த்திகையில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். படகுகளெல்லாம் கரையேறிவிட்டன. என் கணவர் படகு எஞ்சின் மெக்கானிக். கடலுக்குப் போகாத எஞ்சின் கெடுவதில்லை, ஆகவே அவரும் வீட்டில். முதல் இரண்டு நாள் கருவாட்டில் ஓடியது. ஐந்தாம் நாள் நான் வைத்த சாம்பாரை மாமியார் கரண்டியால் கிளறிப் பார்த்தார், ஏதாவது தட்டுப்படாதா என்று. முருங்கைக்காய் தட்டுப்பட்டது. பெருமூச்சு விட்டார்.

மறுநாள் காலையில் போலகத்திலிருந்து என் அண்ணன் மழைக்கோட்டோடு வண்டியில் வந்தார். பின்னால் ஒரு பால் கேன் கட்டியிருந்தது. உள்ளே கால்வாசி தண்ணீரில் உயிரோடு அயிரை மீன்கள். விரல் நீளம்கூட இல்லாத மீன். மணல் நிறம், முதுகில் அங்கங்கே கருத்த புள்ளி, வாயைச் சுற்றி மீசை. எங்கள் வயலோர வாய்க்காலில் பிடித்தவை.

நான் அவற்றை ஒரு மண்சட்டியில் கொட்டி, மேலே பால் ஊற்றினேன். அயிரை அடிமணலில் வாழ்கிற மீன். மணலை வாய் நிறைய அள்ளி, அதிலிருக்கிற புழுவையும் அழுக்கையும் சலித்துத் தின்றுவிட்டு, மிச்ச மணலைச் செவுள் வழியாக விட்டுவிடும். எவ்வளவு சலித்தாலும் வயிற்றில் கொஞ்சம் மண் தங்கிவிடும். பாலில் விட்டால் பாலைக் குடித்து மண்ணைக் கக்கிவிடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கடல் வீட்டுக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைத்தது என் தவறு.

“என்னாடி பண்ற?”

“பால் குடுக்குறேன் அத்த.”

“யாருக்கு?”

“மீனுக்கு.”

மாமியார் கூடத்தைப் பார்த்துக் கத்தினார். “டேய், இங்க வா! ஒம் பொண்டாட்டி மீனுக்குப் பாலூட்டுறா!” கணவர் வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பால் குமிழ் குமிழாகப் பொங்கிக்கொண்டிருந்தது. “சாவப்போறதுக்குப் பால் ஊத்துறா, சரிதான்” என்றார். அம்மாவும் பிள்ளையும் வெகுநேரம் சிரித்தார்கள். பிறகு கல்லுப்பைப் போட்டு நான் அயிரையை உரசியபோது நுரைத்து வந்த வழவழப்பைப் பார்த்து, சோப்புப் போடுகிறேனா என்று ஒரு கேள்வி.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் மாமியார் தெளிவாகச் சொல்லிவிட்டார்: “கொழம்ப மட்டும் ஊத்து. பூச்சியப் போடாத.” இரண்டாம் தடவையும் குழம்பு மட்டும். மூன்றாம் தடவை தட்டைப் பார்த்தபடியே, “அடியில கெடக்குறதையும் சேத்து அள்ளு” என்றார். முள்ளை எடுக்காமல் முழுசாகச் சாப்பிடுகிற மீன் அது. சாப்பிட்டு முடித்து, “புளி கொஞ்சம் தூக்கல்” என்று தீர்ப்புச் சொன்னார். என் சமையலுக்கு அந்த வீட்டில் கிடைத்த முதல் பாராட்டு அதுதான் என்று கணவர் பிற்பாடு விளக்கினார்.

கேனின் அடியில் எட்டுப் பத்து அயிரை மிஞ்சியிருந்தன. எங்கள் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி காலியாக இருந்தது. தங்க மீன்கள் வாழ்ந்து, எங்கள் கவனிப்பில் சீக்கிரமே மறைந்த தொட்டி. அதில் ஆற்று மணலைப் பரப்பி, தண்ணீர் நிரப்பி, அவற்றை விட்டேன். விட்ட நொடியில் எல்லாம் தலைகீழாக மணலில் பாய்ந்து காணாமல் போய்விட்டன. உற்றுப் பார்த்தால் மணலுக்கு மேல் இரண்டு கண்கள் மட்டும் தெரியும். அப்படி உற்றுப் பார்க்க வீட்டுக்கு வந்தவர்கள் யாருக்கும் பொறுமை இல்லை. “மணல் வளக்கிறீங்களா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். “தண்ணி சுத்தமா இருக்கு” என்று என் தலைமை ஆசிரியை பாராட்டினார்.

அயிரை அவ்வப்போது விர்ரென்று மேலே வரும், ஒரு வாய் காற்றை விழுங்கும், கீழே போகும். செவுளோடு குடலாலும் சுவாசிக்கிற மீன். விழுங்கிய காற்றில் வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பின்வழியாகக் குமிழாக விட்டுவிடும். சேறும் அழுக்குமான தண்ணீரில் அது பிழைத்துக் கிடப்பது இந்த ஏற்பாட்டால்தான். இதை நான் பாடப் புத்தக மொழியில் கணவருக்கு விளக்கினேன்.

“சுருக்கமா சொன்னா, குசு விடுது.”

“சுவாசிக்குதுங்க.”

“அதத்தான் சொல்றேன். ரெண்டுக்கும் ஒரே சிலிண்டரு.”

ஒரு நாள் மத்தியானம் தொட்டியிலிருந்த அத்தனையும் மேலும் கீழுமாகத் தவித்தன. கணவரின் கைபேசி நல்ல வெயில் என்றது. நாலு மணிக்குக் கொட்டித் தீர்த்தது. காற்றழுத்தம் மாறினால் இந்த வகை மீன்கள் நிலைகொள்ளாமல் அலையும் என்று படித்திருந்தேன், பெருமையாகச் சொன்னேன். அவர் துறைமுகம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த நாளும் மீன்கள் அதே மாதிரி தவித்தன. நாலைந்து பேர் அதை நம்பி வலையை உலர்த்தாமல் சுருட்டி வைத்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. அதற்குப் பிறகு எங்கள் மீனுக்கும் வானிலை அறிக்கைக்கும் ஒரே மரியாதைதான்.

அடுத்த சித்திரையில் அண்ணன் போன் செய்தார். எங்கள் வயலோர வாய்க்காலுக்குப் பக்கச்சுவரும் அடித்தளமும் சிமெண்டில் போடப் போகிறார்கள், கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது, ஆட்சேபணை இருந்தால் எழுதித் தரலாமாம். அவர் குரலில் சந்தோஷம். கடைமடை நிலம் எங்களுடையது. காவிரித் தண்ணீர் எல்லாருடைய வயலிலும் குளித்து முழுகி, மிச்சமிருந்தால் எங்களிடம் வரும்.

“அடியில சிமெண்டு போட்டா அயிரை எங்கண்ணே போவும்?” என்றேன்.

“பாப்பா, தண்ணி வேகமா வரும். எனக்கு நெல்லு முக்கியமா, ஒன் மீனு முக்கியமா?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆகவே நானும் நியாயமாக எழுதினேன். பக்கச்சுவரைத் தாராளமாகக் கட்டுங்கள், அடித்தளத்தை மட்டும் மண்ணாக விடுங்கள், அடிமணலில் புதைந்து வாழும் அயிரை என்ற மீன் இங்கே இருக்கிறது, மணல் இல்லாவிட்டால் அதற்குத் தீனியும் இல்லை, ஒளிவிடமும் இல்லை. ஒரே பக்கம்தான். பிழை இல்லாமல் எழுதியிருந்தேன். ஆசிரியர்களுக்கு அதுவே போதும் என்று ஒரு நம்பிக்கை உண்டு.

பதில் வந்தது. மேற்படி வாய்க்காலில் மேற்படி மீன் இருக்கிறதா என்று நேரில் ஆய்வு செய்யப்படும். ஆய்வு எப்போது? கத்தரி வெயிலில்.

இரண்டு பேர் வந்தார்கள். வாய்க்காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அடிமண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதிகாரி கையில் படிவத்தோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி கேட்டார், “மீன் எங்கம்மா?”

“தண்ணி எங்க சார்?” என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. “தண்ணி எங்க டிபார்ட்மெண்ட் இல்ல” என்று பொறுமையாக விளக்கினார். படிவத்தில் ‘மீன் இல்லை’ என்று எழுதிக்கொண்டார். தண்ணீர் வந்த பிறகு மறுபடி பார்க்க வேண்டும் என்று நான் அங்கேயே நின்று இன்னொரு மனு எழுதிக் கொடுத்தேன். அதையும் மடித்து அதே கோப்பில் வைத்துக்கொண்டார். எங்கள் மாவட்டம் புதுச்சேரி அரசைச் சேர்ந்தது, ஆகவே அந்தக் கோப்பு புதுச்சேரிக்குப் போக வேண்டும். எங்கள் மாவட்டத்தைப் பஸ்ஸில் ஒரு குட்டித் தூக்கத்தில் கடந்துவிடலாம். புதுச்சேரிக்குப் போக மட்டும் நடுவில் தமிழ்நாட்டைத் தாண்ட வேண்டும். கோப்பு அந்த வழியில் எங்கெங்கே இறங்கி டீ குடித்ததோ, ஐப்பசியில்தான் திரும்பியது.

இரண்டாம் ஆய்வுக்கு நாள் குறித்தபோது கடல் மறுபடி கொந்தளித்தது. மாமியாருக்கு விற்க மீன் இல்லை. காலையில் நான் கிளம்புவதைப் பார்த்து, “எங்க கெளம்பிட்ட டீச்சரு?” என்றார். சொன்னேன். “பூச்சியப் பாக்க கவர்மெண்டுலேந்து ஆளு வருதா? நானும் வரேன்” என்று தலைத்துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு பஸ் மாறிப் போலகம் போய்ச் சேரும்வரை வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர், தெளிந்து ஓடியது. அதே அதிகாரி. கூடவே வந்தவர் ஒரு வீச்சுவலையைத் தோளில் போட்டிருந்தார். மாமியார் கிட்டே போய் வலையைக் கையால் விரித்துப் பார்த்தார்.

“கண்ணு பெருசு தம்பி. இதுல மீனு மாட்டாது. எலி வேணா மாட்டும்.”

“நீங்க யாரும்மா?” என்றார் அதிகாரி.

“இவ மாமியா.”

அது ஒரு பதவி என்பதுபோல அதிகாரி தலையாட்டினார். வலை மூன்று முறை வீசப்பட்டது. முதல் வீச்சில் ஆகாயத்தாமரை. இரண்டாவதில் ஒரு செருப்பு. மூன்றாவதில் எதுவுமில்லை. அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார். “மீன் இல்லம்மா. ரெண்டாவது தடவயா பாத்தாச்சு.”

அதுவரை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த மாமியாரின் முகம் மாறியது. என் மீனைப் பூச்சி என்று அவர் சொல்லலாம். அது வீட்டு விவகாரம். வலை பிடிக்கத் தெரியாத ஒருவர் தண்ணீரைப் பார்த்து மீன் இல்லை என்று சொல்வது வேறு. அது மாமியாரின் தொழிலைப் பற்றிய பேச்சு.

“இரு தம்பி. பேனாவ மூடு.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். தலைத்துண்டை விரித்து, “புடிடி அந்தப் பக்கம்” என்றார். பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் பருத்திச் சேலையோடு நானும் இறங்கினேன். துண்டின் நான்கு முனைகளை ஆளுக்கு இரண்டாகப் பிடித்து, அடிமணலோடு ஒட்டி அரித்துக்கொண்டே போய்ச் சட்டென்று தூக்கினோம். துண்டு நிறைய மணல். மணலுக்குள் நெளிவு. அவர் கையைவிட்டுத் துழாவினார். “ஆத்தாடி!” என்று கையை உதறினார்.

அயிரையின் கண்ணுக்குக் கீழே தோலுக்குள் மடிந்து ஒரு முள் உண்டு, நுனி பிளந்த சின்ன முள். சும்மா இருக்கும்போது தெரியாது. பிடித்து அழுத்தினால் நிமிர்த்திக் குத்தும். சுறாவையும் திருக்கையையும் கையாண்ட விரலில் ஒரு பொட்டு ரத்தம்.

“குத்திட்டுடி!” என்றார். அதில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. மறு நிமிஷம் அதிகாரியிடம் துண்டை நீட்டினார். ஏழு அயிரைகள். “எண்ணிக்க. இது மீனா, இல்லியா?”

அதிகாரி குனிந்து பார்த்தார். “இது என்ன மீனோட குஞ்சு?”

“குஞ்சு இல்ல சார், முழுசா வளந்தது” என்றேன். “வயிறு பெருசா இருக்கு பாருங்க, அது பொட்டை. முட்டை வச்சிருக்கு. மழைத்தண்ணியிலதான் முட்டையிடும். அந்தச் சின்னது ஆண், பக்கத்துடுப்புல ஒரு கெட்டியான தகடு இருக்கும்.”

“இதுக்கு மேல வளராதா?”

“வளராது சார்.”

அவர் முகத்தில் ஒரு வருத்தம் தெரிந்தது. வளர்ந்து முன்னுக்கு வராத மீனுக்காகத் தாம் இவ்வளவு தூரம் வந்தோமே என்ற வருத்தமாக இருக்கலாம். படிவத்தில் கெண்டை, கெளுத்தி, விரால் என்று அச்சடித்த கட்டங்கள் இருந்தன. கடைசியில் ‘இதர’ என்று ஒரு கட்டம். அதில் ஒரு டிக் போட்டார். மாமியார் ஏழு மீனையும் மறுபடி தண்ணீரில் விட்டார். குழம்புக்கு எடுத்துப் போகலாமே என்று நான் எதிர்பார்த்தது வீண். “சாட்சிக்கு வந்ததத் திங்கக் கூடாது” என்றார்.

தை மாதம் பதில் வந்தது. நான் பள்ளியிலிருந்து வந்ததும் மாமியாரே கேட்டார், “என்னா எழுதியிருக்கான்?” வாசித்துக் காட்டினேன். ஆய்வில் இதர மீன்கள் காணப்பட்டன. அவை வணிக முக்கியத்துவம் அற்றவை. பணி திட்டமிட்டபடி நடைபெறும்.

“வணிகம்னா?”

“யாவாரம் அத்த.”

“யாவாரம் இல்லன்னு எவன் சொன்னது? அவன் என்னிக்காவது கூடையத் தூக்கியிருக்கானா?”

அடுத்த திங்கட்கிழமை நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அவரோடு அலுவலகம் போனேன். அவர் என்னோடு வந்தார் என்று சொல்ல முடியாது. பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் மிகவும் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், முழுக் கதையையும் கேட்டார். பிறகு, “மீனுக்கு வேற வாய்க்கால் இல்லீங்களா?” என்றார். இருக்கிறது, அதுவும் இந்தத் திட்டத்தில் அடுத்த கட்டம் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். “ஒண்ணு பண்ணலாம். தளம் போட்டப்புறம் மேல நாலு லோடு மணலக் கொட்டிட்டா?” சிரிக்காமல்தான் சொன்னார். மாமியார் டீயைக் குடித்து முடித்துவிட்டு, “டீ நல்லா இருந்துச்சு தம்பி” என்று எழுந்தார். அலுவலகத்திலிருந்து நாங்கள் பெற்றுவந்தது அது ஒன்றுதான்.

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். ஒரு விரல் நீள மீனுக்காக அழுகிறாள் என்று அவர் சொல்லிச் சிரிப்பார் என்று பயந்து மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் மடியிலிருந்து தலைத்துண்டை எடுத்து என் கையில் வைத்தார். “தொடச்சிக்க. மீன் நாத்தம் அடிக்கும்” என்றார்.

பங்குனியில் வேலை தொடங்கியது. மதகிலிருந்து எங்கள் வயல் வரைக்கும் வழவழவென்று சிமெண்டுத் தளம். அண்ணன் போட்டோ அனுப்பினார். மேலே பாத்திரம் விளக்கலாம்போல் இருந்தது. எங்கள் வயலைத் தாண்டியதும் வேலை நின்றுபோனது. காரணத்தை யாரும் சொல்லவில்லை. ஒருவர் ஜல்லி வரவில்லை என்றார், ஒருவர் கையெழுத்து வரவில்லை என்றார். திறப்பு விழா மட்டும் முழு வாய்க்காலுக்கும் நடந்தது.

அந்த வருஷம் தண்ணீர் உண்மையிலேயே வேகமாக வந்தது. அண்ணனுக்கு நடவு நேரத்தோடு முடிந்தது. இதை நான் எழுதாவிட்டால் அவர் கோபித்துக்கொள்வார். ஆனால் சிமெண்டுத் தளத்தில் ஒரு அயிரைகூட இல்லை. நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். தண்ணீர் கண்ணாடிபோல் ஓடியது, அடியில் எதுவுமே இல்லை.

பிறகு பராமரிப்பு என்று ஒன்று நடக்க வேண்டுமல்லவா? அது நடக்கவில்லை. இரண்டு மழைக்காலம் போனது. மேலேயிருந்து வந்த வண்டல் தளத்தின்மேல் ஒரு சாண் உயரத்துக்குப் படிந்தது. அந்த நல்ல மனிதர் சொன்ன நாலு லோடு மணலை ஆற்றுத் தண்ணீரே கொண்டுவந்து கொட்டிவிட்டது. சிமெண்டு போடாத கீழ்ப்பகுதியிலிருந்து அயிரைகள் மெதுவாக ஏறிவரத் தொடங்கின. முன்பு இருந்த அளவுக்கு இல்லை. துண்டு போட்டு அரித்தால் இரண்டு, சில இடத்தில் மூன்று. இன்னும் சில இடங்களில் தண்ணீரின் வேகத்தில் மணலே தங்கவில்லை, அங்கே எதுவும் இல்லை. ஒரு துறையின் சோம்பலை நம்பி ஒரு மீன் குடும்பம் நடத்துகிறது. தூர் வாரப்போகிறோம் என்று யாராவது சுறுசுறுப்பாகக் கிளம்பினால் எனக்கு இப்போது பயம் வந்துவிடுகிறது.

போன கார்த்திகையில் மாமியாரும் நானும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். திரும்பும்போது வாய்க்கால் ஓரமாகவே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். மாமியார் இப்போது கூடை தூக்குவதில்லை, முழங்கால் வலி. மதகடியில் நின்று தண்ணீரைப் பார்த்தார். ஒரு அயிரை மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு மணலுக்குள் போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

“கோடையில தண்ணியே இல்லாம வெடிச்சுக் கெடக்கே, அப்ப இதெல்லாம் எங்கடி போவுது?”

“கொளம் குட்டையில தப்பிக்கும்னு சொல்றாங்க அத்த. ஈரச் சேத்துக்குள்ள ஆழமாப் போயிக் கெடக்கும்னும் சொல்றாங்க. இந்த வாய்க்கால்ல என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியல.”

“யாரும் தோண்டிப் பாக்கலியா?”

“இல்ல.”

“நீ?”

“நானும் பாக்கல அத்த.”

“பின்ன என்னதான்டி படிச்சீங்க எல்லாரும்?” என்றார். பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்த பிறகு, கோடை விடுமுறையில் மண்வெட்டியோடு வருவதாகத் தீர்மானமாயிற்று. தோண்டுவது நான், மேற்பார்வை அவர்.